பதினைந்தாயிரமா, ஐம்பதாயிரமா? டெல்டாவில் புழங்கும் ஆங்கில எண்சொற்கள்

மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் டீக்கடையில் நாளிதழ் புரட்டுகிற எவருக்கும் இந்த எண் மனப்பாடம். ஆனால் டி.எம்.சி. என்ற மூன்றெழுத்தில் முதல் இரண்டும் எண்சொற்கள் என்பது பலருக்குத் தெரியாது. டி என்பது தவுசண்ட், எம் என்பது மில்லியன், சி என்பது கியூபிக் ஃபீட். சேர்த்தால் ஆயிரம் மில்லியன் கன அடி. மில்லியன் பத்து லட்சம். அதை ஆயிரத்தால் பெருக்கினால் நூறு கோடி. ஆக, ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடித் தண்ணீர். லிட்டரில் 2,831 கோடிக்குச் சற்று மேல்.

ஆயிரம் மில்லியனுக்கு ஆங்கிலத்தில் பில்லியன் என்று ஒற்றைச் சொல் இருக்கும்போது இப்படிச் சுற்றி வளைத்தது ஏன்? பில்லியனுக்கு இங்கிலாந்தில் நெடுங்காலம் வேறு மதிப்பு இருந்ததே காரணமாக இருக்க வேண்டும். பிரெஞ்சுக் கணிதர் நிக்கோலா ஷூக்கே 1484இல் எழுதிய சுவடியில், மில்லியனை மில்லியனால் பெருக்கினால் வருவது பில்லியன். நம் கணக்கில் லட்சம் கோடி. பிரிட்டன் அந்த மரபில் நின்றது. அமெரிக்காவோ ஆயிரம் மில்லியனைத்தான் பில்லியன் என்றது. 1974 டிசம்பரில் பிரதமர் ஹரால்ட் வில்சன், தம் அமைச்சர்கள் பில்லியன் என்று சொன்னால் ஆயிரம் மில்லியன் என்றே கொள்ள வேண்டும் என நாடாளுமன்றத்தில் பதிலளித்த பிறகுதான் பிரிட்டிஷ் அரசின் கணக்குகளில் இந்தக் குழப்பம் தீர்ந்தது. நம் அணைகளையும் மதகுகளையும் திட்டமிட்ட பொறியாளர்கள் அதற்கு வெகு காலம் முன்னால், பிரிட்டிஷ் மரபில் வந்தவர்கள். 1924ஆம் ஆண்டுக் காவிரி ஒப்பந்தமும் மேட்டூரின் கொள்ளளவை 93,500 மில்லியன் கன அடி என்றே குறித்தது. பில்லியன் என்று எழுதியிருந்தால், படிப்பவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்து ஆயிரம் மடங்கு வித்தியாசம் வந்திருக்கும். ஆயிரம் மில்லியன் என்பதற்கு எங்கும் ஒரே பொருள்தான்.

டி.எம்.சி. இருப்பைச் சொல்கிறது, கன அடி என்று செய்தியில் வருவது பெரும்பாலும் ஓட்டத்தைச் சொல்கிறது. "கல்லணையிலிருந்து வெண்ணாற்றில் 6,000 கன அடி திறப்பு" என்றால் அது வினாடிக்கு 6,000 கன அடி. ஆங்கிலத்தில் இதற்குக் கியூசெக் என்ற தனிச்சொல் உண்டு. தமிழில் இரண்டுக்கும் கன அடி என்றே எழுதுகிறோம், இடநெருக்கடியில் 'வினாடிக்கு' என்பதை விட்டுவிடுகிறோம். கணக்குப் பிசகுவது அங்கேதான். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. எனவே 11,574 கன அடி வீதம் இருபத்து நான்கு மணி நேரம் ஓடினால் ஒரு டி.எம்.சி. வினாடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் 0.864 டி.எம்.சி. இந்த ஒரு வாய்ப்பாடு கையில் இருந்தால், நீர்வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று தெரிந்ததும் இருப்பு எத்தனை நாளுக்கு வரும் என்பதை யாரையும் கேட்காமல் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வழியில் ஆவியாவதும் மண் குடிப்பதும் தனிக் கணக்கு.

வயலை வைத்துப் பார்க்க வேண்டுமானால், ஒரு டி.எம்.சி. தண்ணீர் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் பரப்பு ஏறத்தாழ 22,957 ஏக்கர். டெல்டாவின் பழைய அளவில், குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று வைத்தால், கிட்டத்தட்ட 3,472 வேலி. மா என்பது தமிழ்ப் பின்ன வாய்ப்பாட்டில் இருபதில் ஒன்று. வேலியில் இருபதில் ஒரு பங்கு நிலத்துக்கு அதுவே பெயராகிவிட்டது. செண்ட் என்பதும் அதே வழியில் வந்ததுதான்: நூறு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, ஏக்கரில் நூறில் ஒரு பங்குக்குப் பெயரானது. ஒரு செண்ட் 435.6 சதுர அடி. ஒரு மா 33 செண்ட். மூணு மா ஒரு ஏக்கர் என்று ஊரில் சொல்வது ஒரு செண்ட் கூடக் குறையாத நல்ல கணக்கு.

வெள்ளக் காலத்தில் எண்சொல் தவறாகக் காதில் விழுந்தால் அதன் விலை பெரிது. முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் ஃபிஃப்டீன் தவுசண்ட் விடுகிறார்கள் என்று ஒருவர் கைப்பேசியில் சொல்கிறார். கரையில் இருப்பவர் காதில் ஃபிஃப்டி தவுசண்ட் என்று விழுகிறது. பதினைந்தாயிரம் ஆற்றுக்குள் அடங்கிப் போகும்; ஐம்பதாயிரம் என்றால் திட்டில் மேய்கிற மாட்டை ஓட்டிவர வேண்டும். ஏன் இந்த இரண்டும் இவ்வளவு எளிதில் குழம்புகின்றன? தனியாகச் சொல்லும்போது ஃபிஃப்டீனில் அழுத்தம் கடைசி அசையில் விழும், 'டீன்' நீளும். ஃபிஃப்டியில் அழுத்தம் முதல் அசையில், 'டி' குறுகும். ஆனால் பின்னால் தவுசண்ட், ஹண்ட்ரட், ருபீஸ் என்று இன்னொரு சொல் வந்ததும், ஆங்கிலேயர் வாயிலேயே ஃபிஃப்டீனின் அழுத்தம் முதல் அசைக்கு நகர்ந்துவிடும். பிறகு இரண்டையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் கடைசியில் வரும் மெல்லிய 'ன்' ஒலிதான். காற்றும் மழையும் அடிக்கிற கரையில் நின்று பேசுகையில் முதலில் கரைந்துபோவதும் அதுதான். தர்ட்டீன்–தர்ட்டி, சிக்ஸ்டீன்–சிக்ஸ்டி என எல்லா இணைக்கும் இதே கதி.

தமிழில் பதினைந்தும் ஐம்பதும் ஒன்றோடொன்று உரசுவதே இல்லை. ஆனால் தமிழுக்கும் அதற்கே உரிய இணைகள் உண்டு: எழுநூறும் எண்ணூறும், அறுபதும் எழுபதும் கைப்பேசியில் தடுமாற வைக்கும். அவை ஆங்கிலத்தில் குழம்பாது. செவன் ஹண்ட்ரட், எய்ட் ஹண்ட்ரட். எனவே முக்கியமான எண்ணை இரண்டு மொழியிலும் ஒருமுறை சொல்லிவிடுவது நல்ல பழக்கம். நெல் கமிஷன் கடைகளிலும் மொத்த வியாபாரத்திலும் "எழுநூறு, செவன் ஹண்ட்ரட்" என்று இரட்டித்துச் சொல்பவர்கள் செய்வது இதைத்தான். அதுவும் போதாவிட்டால் இலக்கமாகப் பிரித்துவிட வேண்டும்: "ஒன் ஃபைவ், பதினைந்தாயிரம்."

இதே 'டீன்' வரிசைதான் ஆங்கில எண் கற்கும் பிள்ளைகளையும் தடுக்கிவிடுகிறது. தமிழில் எப்போதும் பத்து முன்னால், ஒன்று பின்னால்: பதின்மூன்று, இருபத்து மூன்று, முப்பத்து மூன்று. ஆங்கிலத்திலோ தர்ட்டீன் முதல் நைன்டீன் வரை ஒன்றின் இலக்கம் முன்னால் வருகிறது. டுவென்டி ஒன்னிலிருந்து வரிசை தலைகீழாக மாறுகிறது. சிக்ஸ்டீன் என்று சொல்லக் கேட்கும் பிள்ளை சிக்ஸ் என்ற ஒலியை முதலில் கேட்டு, ஆறை முதலில் எழுதி, 61 என்று முடிக்கிறது. அது கவனக்குறைவு அன்று. காதில் விழுந்த வரிசையில் எழுதியிருக்கிறது. லெவனும் டுவெல்வும் இன்னும் பழைய அமைப்பு: பத்து போக ஒன்று மிச்சம், இரண்டு மிச்சம் என்பது அவற்றின் வேர்ப்பொருள். இந்த ஒன்பது சொற்களையும் (பதினொன்று முதல் பத்தொன்பது வரை) தனியே எடுத்து, இலக்கத்தைக் காட்டிக் காட்டிப் பழக்கிவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும். நம் பக்கத்திலும் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று வரிசை மீறும் சொற்கள் இருப்பதைப் பிள்ளைக்குச் சொன்னால் அதற்குத் தைரியம் வரும்.

லட்சம், கோடி ஒரு பக்கம், மில்லியன், பில்லியன் இன்னொரு பக்கம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உறவுக்காரர் இல்லாத டெல்டாக் கிராமம் குறைவு. அங்கிருந்து வரும் பேச்சு மில்லியனில் இருக்கும். நாம் ஆயிரத்துக்குப் பிறகு நூறு நூறாகப் பெயரை மாற்றுகிறோம். அவர்கள் ஆயிரம் ஆயிரமாக. காற்புள்ளியும் அதன்படியே விழுகிறது: நமக்கு 12,50,000, அவர்களுக்கு 1,250,000. மாற்றுவதற்கு மூன்று விதி போதும். மில்லியன் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கினால் லட்சம். அதையே பத்தால் வகுத்தால் கோடி. பில்லியனை நூறால் பெருக்கினால் கோடி. ஆக 2.5 மில்லியன் இருபத்தைந்து லட்சம். 3 பில்லியன் முந்நூறு கோடி. ஒரு டிரில்லியன் லட்சம் கோடி. செய்தி மொழிபெயர்ப்பில் பில்லியன் என்ற இடத்தில் கோடி என்று போட்டுவிட்டால் தொகை நூறில் ஒன்றாகச் சுருங்கிவிடும். வாசிப்பவருக்குச் சந்தேகமே வராது என்பதுதான் இதில் ஆபத்து.

பாயின்ட் என்ற சொல்லுக்குப் பிறகு வரும் இலக்கங்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகத்தான் படிக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று கர்நாடகம் விட வேண்டிய அளவாக நிர்ணயித்த 177.25 டி.எம்.சி.யை "பாயின்ட் டூ ஃபைவ்" என்று சொல்வதே முறை. "பாயின்ட் டுவென்டி ஃபைவ்" அன்று. 25 பைசா என்று பணத்தில் பழகியதால் அப்படி வாயில் வருகிறது. இதில் என்ன கெட்டுவிடும் என்றால், 3.25ஐ 'பாயின்ட் டுவென்டி ஃபைவ்' என்றும் 3.5ஐ 'பாயின்ட் ஃபைவ்' என்றும் கேட்பவர் முதலாவதையே பெரியது என்று நினைப்பார்.

இந்தப் பிசகு நிலப் பேச்சில் பணமாகவே கரையும். ஒரு ஏக்கர் ஐந்து செண்ட் என்பது 1.05. 1.5 என்றால் ஒரு ஏக்கர் ஐம்பது செண்ட். "ஒன் பாயின்ட் ஃபைவ்" என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் 'ஒரு ஏக்கர் அஞ்சு செண்ட்' என்று எடுத்துக்கொண்டால், நடுவில் நிற்பது 45 செண்ட் நிலம். ஒரு மாவுக்கும் மேல். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் இருப்பது இன்னொரு கண்ணி. 0-40.50 என்று இருந்தால் நாற்பது செண்ட் என்று படித்துவிடுகிறவர்கள் உண்டு. அது நாற்பதரை ஏர். ஒரு ஏர் 2.47 செண்ட். நாற்பதரை ஏர் என்பது நூறு செண்ட், முழுதாக ஒரு ஏக்கர்.

சர்வே எண்ணைப் படிக்கும்போது நாம் சொல்லும் 'பை' இந்திய ஆங்கிலத்துக்கே உரியது. 145/2ஏ என்பதை ஒன் ஃபார்ட்டி ஃபைவ் பை டூ ஏ என்கிறோம். 145ஆம் எண் நிலத்தின் உட்பிரிவு என்று பொருள். அதே 'பை' மனையில் பெருக்கலாகிறது: தர்ட்டி பை ஃபார்ட்டி மனை 1,200 சதுர அடி. பள்ளிக் கணக்கில் மூன்றில் இரண்டை 'டூ பை த்ரீ' என்று சொன்னால் அது வகுத்தல். வெளிநாட்டில் டூ தர்ட்ஸ் என்பார்கள். 'டூ பை த்ரீ' என்றால் அங்கே இரண்டுக்கு மூன்று அளவுள்ள பலகை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

தோராயமாகச் சொல்வதில் தமிழுக்கு இருக்கும் அழகு ஆங்கிலத்துக்குள் அப்படியே போகாது. நாலஞ்சு நாள், ஏழெட்டுப் பேர், பத்துப் பன்னிரண்டு மூட்டை என்று இரண்டு எண்ணை அடுக்கினால் நமக்கு விளங்கிவிடுகிறது. இதையே 'ஃபோர் ஃபைவ் டேஸ்' என்று சொன்னால், கேட்பவர் நாற்பத்தைந்து நாளா என்று திகைப்பார். 'டென் ஃபிஃப்டீன்' என்றால் பத்தே கால் மணி. நடுவில் 'ஆர்' வேண்டும்: ஃபோர் ஆர் ஃபைவ். இருபத்துச் சொச்சம் என்பதற்கு டுவென்டி ஆட் என்பது நேர் இணை. இருபதுக்கு மேல், முப்பதுக்குள்.

மணி சொல்வதிலும் இப்படி ஒன்று. தமிழில் முடிந்த மணியோடு கூட்டிக்கொண்டே போகிறோம்: ஒன்பதே கால், ஒன்பதரை, ஒன்பதே முக்கால். ஆங்கிலம் அரை வரை கூட்டி, பிறகு வரப்போகும் மணியிலிருந்து கழிக்கிறது. ஒன்பதே முக்கால் குவார்ட்டர் டு டென் ஆகிவிடுகிறது. 'டென் டு ஃபைவ்' என்றால் நாலு ஐம்பது. அலுவலக நேரம் பத்து முதல் ஐந்து வரை என்பதையும் நாம் அப்படியேதான் சொல்கிறோம். எழுத்தில் நேரம் கொடுக்கும்போது இலக்கத்தில் 4.50 என்று போட்டுவிடுவதே நல்லது.

வரிசை எண்தான் சடங்குகளில் அதிகம் தகராறு செய்கிறது. திருக்கடையூரில் நாள் குறிக்க வருகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 59 முடிந்து 60 தொடங்கும்போது செய்வது உக்கிரரத சாந்தி. 60 முடிந்து 61 பிறக்கும்போது செய்வது சஷ்டியப்தபூர்த்தி. ஆங்கிலத்தில் சிக்ஸ்டியத் பர்த்டே என்றால் அறுபது நிறைந்த நாள். 'இன் ஹிஸ் சிக்ஸ்டியத் இயர்' என்றால் ஐம்பத்தொன்பது முடிந்து அறுபது நடக்கிறது. இரண்டிலும் சிக்ஸ்டியத் இருக்கிறது, நடுவில் ஒரு முழு வருடம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பயணச்சீட்டு எடுக்கிற பிள்ளைகளிடம் 'சிக்ஸ்டி கம்ப்ளீட்டட்' என்று சொல்லி, தேதியையும் எழுதி அனுப்ப வேண்டும். அந்தத் தேதியிலும் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 12/6 நமக்கு மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12. அமெரிக்காவில் இருப்பவருக்கு டிசம்பர் 6.

பதினாறாம் நாள் காரியத்திலும் இதே சிக்கல். நாம் நிகழ்ந்த நாளையும் ஒன்று என்று சேர்த்து எண்ணுகிறோம்; ஒன்றாம் தேதி நடந்தால் பதினாறாம் தேதி காரியம். 'சிக்ஸ்டீன் டேஸ் ஆஃப்டர்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் பதினேழாம் தேதி.

மின் கட்டணத்தில் வரும் பைமன்த்லிக்கு ஆங்கிலத்திலேயே இரண்டு பொருள் உண்டு, மாதம் இருமுறை அல்லது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நம் மின்வாரியத்தில் அது இரண்டாவது. டஜன் 12, கிராஸ் 144. குயர் நோட்டு என்கிறோமே, அந்தக் குயரின் வேர் நான்கு. நான்கு தாளை மடித்த கட்டுக்குப் பெயராக இருந்து, பிறகு 24 தாளாகி, இப்போது 25 ஆகியிருக்கிறது. இருபது குயர் ஒரு ரீம், 500 தாள்.

காசோலையில் எண்சொல் சட்டத்தையே தொடுகிறது. 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, எழுத்தில் ஒன்றும் இலக்கத்தில் ஒன்றும் இருந்தால் எழுத்தில் உள்ளதே செல்லும். நடைமுறையில் வங்கி அதைத் தீர்த்துவைத்துப் பணம் கொடுக்காது. எழுத்தும் எண்ணும் வேறுபடுகின்றன என்று காரணம் காட்டித் திருப்பிவிடும். திருத்தி மேலே கையெழுத்துப் போடுகிற பழைய வழக்கமும், படமாக அனுப்பித் தீர்வு காணும் இன்றைய முறையில், தொகைக்குச் செல்லாது. தாளைக் கிழித்துப் புதிதாக எழுத வேண்டும்.

எழுத்துப் பிழை அதிகம் விழும் சொல் ஃபார்ட்டி. ஃபோரில் யூ உண்டு, ஃபோர்டீனிலும் உண்டு, ஃபார்ட்டியில் கிடையாது. நைன்டியில் ஈ இருக்கும்; நைந்த்தில் இருக்காது. இவற்றைவிட முக்கியம் இடைவெளி. சிக்ஸ், செவன், நைன் ஆகிய சொற்களின் வாலில் டி, ஒய் என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் அவை அறுபது, எழுபது, தொண்ணூறாகிவிடும். எய்ட்டுக்கு ஒய் ஒன்றே போதும், எண்பது. சிக்ஸ் தவுசண்ட் என்று எழுதும்போது நடுவில் விரல் நுழையும் இடம் விட்டால், ஆறாயிரம் அறுபதாயிரமாக மாறுவதற்கு நாமே கதவு திறந்துவிட்ட மாதிரி. ருபீஸ் என்று அச்சிட்டிருப்பதை ஒட்டித் தொடங்கி, சொற்களை நெருக்கி எழுதி, ஒன்லி போட்டு, மீதி இடத்தில் கோடு இழுக்க வேண்டும்.

காசோலையைத் தமிழிலும் எழுதலாம். வங்கி ஏற்க வேண்டும். ஆறாயிரத்தின் வாலில் எதைச் சேர்த்தும் அறுபதாயிரமாக்க முடியாது. முதல் எழுத்தே வேறு. ஏழாயிரம்–எழுபதாயிரம் இணையும் அப்படியே. எட்டாயிரம்–எண்பதாயிரம் இணையில் இரண்டாம் எழுத்திலேயே வேறாகிவிடும். ஆனால் தமிழில் ஆபத்து முன்பக்கம்: வெறும் 'ஆயிரம்' என்று தொடங்கினால் முன்னால் ஒரு 'பத்து' நுழைந்துவிடும். ஆகவே 'ஒரு ஆயிரம் மட்டும்' என்று எழுதி, வரியின் தொடக்கத்திலும் இடம் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.